விலகிய காரணம்: ஒரு வரிக்குள் எழுதுக

வேலை கேட்டு வருவோரிடம் எங்கள் ஆலைகள் நீட்டுகின்ற படிவத்தில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. குடியிருக்கும் தெருவை எழுத இடம் உண்டு. படித்த பள்ளியை எழுத இடம் உண்டு. எத்தனை பவுண்டு சுமை தூக்குவாய் என்ற கேள்விக்குக்கூடக் கட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் "முந்தைய வேலையிலிருந்து விலகிய காரணம்" என்று கேட்டுவிட்டு, அதற்கு ஒதுக்கியிருக்கும் கோட்டின் நீளம் இரண்டே அங்குலம். பத்தொன்பது ஆண்டு உழைப்பு எப்படி முடிந்தது என்பதை அந்த இரண்டு அங்குலத்துக்குள் சொல்லியாக வேண்டும். சொன்னது பிடிக்காவிட்டால் படிவம் கூடைக்குள் போகும். ஆள் தெருவுக்குப் போவாள்.

டொலீடோ நகரின் வடபகுதியில் வாழ்கின்ற டோரீன் ஸ்விட்டாலா, அந்தக் கோட்டோடு ஏழு மாதம் மல்லுக்கு நின்றாள்.

நாற்பத்தொன்பது வயது. கணவன் இல்லை; இருந்தவன் புளோரிடாவுக்குப் போனவன் திரும்பவில்லை. தக்காளிச் சாறு காய்ச்சும் ஆலையில், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழமுள்ள கலவைத் தொட்டியை இயக்கியவள். அந்தத் தொட்டிக்குள் சுழலும் இரும்புத் துடுப்புகள் எதையும் கலக்கும்; தக்காளி என்றும் கை என்றும் அவற்றுக்கு வேற்றுமை தெரியாது. ஆகவேதான் ஒரு விதி வைத்தார்கள். தொட்டியைக் கழுவ ஒருவர் உள்ளே இறங்கினால், மின் சுவிட்சை அணைத்து, அதன்மீது சிவப்புப் பூட்டு ஒன்றைப் போட வேண்டும். பூட்டின்மேல் பூட்டியவரின் பெயரும் படமும் இருக்கும். சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். பூட்டியவரைத் தவிர வேறு எவரும் திறக்கக் கூடாது. ஆலைத் தலைவரே வந்தாலும் கூடாது.

நல்ல விதி. ஆனால் விதியை எழுதியவர்கள் ஒன்றை மறந்தார்கள். அல்லது மறந்தது போல நடித்தார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் பூட்டு. ஏஜென்சி வழியாக நாள்கூலிக்கு வருகிறவர்களுக்குப் பூட்டு இல்லை. அப்படியானால் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் யார்? அதே ஏஜென்சி ஆட்கள்தான்! உள்ளே இறங்குபவனிடம் பூட்டு இல்லை. பூட்டு வைத்திருப்பவர் உள்ளே இறங்குவதில்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பு.

ரூபன் அகிரே அப்படி இறங்கியவன். முப்பது வயது, பேச்சுக் குறைவு, வேலையில் சுறுசுறுப்பு. ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அவன் குழாயோடும் தூரிகையோடும் உள்ளே இறங்க, டோரீன் தன் பூட்டை அவனுக்காகப் போட்டாள். சற்று நேரத்தில் சூப்பர்வைசர் கார்ல் வெட்சல் வந்தார்.

"முடிஞ்சிடுச்சு. லைனைக் கிளப்பு டோரீன். பூட்டை எடு."

"ரூபன் இன்னும் வெளிய வரல."

"வந்துட்டாம்மா. சரக்கு இறக்கற பக்கம் போனதை நான் பார்த்தேன்."

"நான் கொப்பரைப் பக்கம் போயிருந்தேன், பாக்கலையே."

"நான் பார்த்தா போதாதா உனக்கு?"

டோரீன் தொட்டியின் விளிம்பில் குனிந்து ரூபனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. துடுப்புகளுக்குப் பின்னால் இருந்த இருட்டில் எதுவும் தெரியவில்லை. கார்ல் கைக்கடிகாரத்தைத் தட்டினார். அடுத்த கொப்பரையில் இருந்த சாறு கொதித்துக் கெட்டியாகிக்கொண்டிருந்தது.

"உள்ள யாரும் இல்லைன்னு அவ்வளவு நிச்சயமா தெரியுதில்ல? அப்போ நீங்க உள்ள இறங்கி நில்லுங்க கார்ல். இந்த நிமிஷமே பூட்டை எடுக்கறேன்" என்றாள் டோரீன்.

கார்ல் இறங்கவில்லை. அவர் சட்டை வெள்ளை.

நாற்பது நிமிடம் உற்பத்தி லைன் நின்றது. கொப்பரையில் இருந்த சாறு முழுதும் அடிப்பிடித்தது. நாற்பதாவது நிமிடத்தில் ரூபன் வந்தான். எங்கிருந்து? வாகனங்கள் நிற்கும் திடலில் இருந்து. தன் பழைய லாரியில் அமர்ந்து சாப்பிட்டவன், அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். வெளியே வந்தால் பூட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஏஜென்சி ஆளுக்குப் பயிற்சி எதற்கு என்று விட்டிருந்தார்கள்.

ஆக, தொட்டி காலியாகத்தான் இருந்தது. கார்ல் சொன்னது உண்மை. அன்று மாலையே டோரீனின் பூட்டையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு, ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். "கட்டளைக்குக் கீழ்ப்படியாமை" என்று அதில் இருந்தது.

இந்த இடத்தில் நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அவள் ஓர் உயிரைக் காப்பாற்றியிருந்தால் இந்தக் கதை எளிது. கைதட்டிவிட்டுப் போகலாம். காப்பாற்ற உயிர் எதுவும் உள்ளே இல்லை என்பதுதான் அவளுடைய வழக்கு. அந்த வழக்கோடுதான் அவள் படிவங்களின் முன் அமர்ந்தாள்.

மாவட்ட வேலைவாய்ப்பு நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடக்கும். வேலை இழந்தவர்களுக்கு வேலை கேட்கக் கற்றுத்தரும் வகுப்பு. நடத்தியவர் டெல்பர்ட் நாஷ் என்னும் நல்ல மனிதர். கேலி செய்ய மாட்டார், காப்பி கொடுப்பார், ஒவ்வொருவர் படிவத்தையும் கண்ணாடி போட்டுப் படிப்பார். டோரீனின் படிவத்தைப் படித்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"'நீக்கப்பட்டேன்'னு எழுதியிருக்கீங்களே, டோரீன். இந்தச் சொல்லைப் பார்த்ததும் கையை எடுத்துடுவாங்க. தீப்பட்ட மாதிரி."

"நடந்தது அதுதானே சார்?"

"நடந்ததை எழுதச் சொல்லி யார் கேட்டா? 'சொந்தக் காரணங்கள்'னு போடுங்க. 'பணி நிறைவுற்றது'ன்னு போடுங்க. மிருதுவா இருக்கும்."

"நான் என்ன பஞ்சு மெத்தையா விக்கப் போறேன்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். டெல்பர்ட்டும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பழைய ஆலையைக் கூப்பிட்டாலும் கவலை இல்ல. வேலை போனவங்க கேஸ் போட்டுடுவாங்களோன்னு பயந்துட்டு, சேர்ந்த தேதி, விலகின தேதி, இந்த ரெண்டுதான் சொல்வாங்க."

அவர் சொன்னதைக் கேட்டு ஒரே ஒரு முறை, ஒரு சரக்குக் கிடங்கின் படிவத்தில், டோரீன் "சொந்தக் காரணங்கள்" என்று எழுதினாள். கிடங்கில் இருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். சிரித்தார்கள். கை குலுக்கினார்கள். பிறகு பழைய ஆலைக்குத் தொலைபேசினார்கள். டெல்பர்ட் சொன்னபடியே இரண்டு தேதிகளைத்தான் ஆலை சொன்னது. ஆனால் கிடங்கில் இருந்தவர் மூன்றாவதாக ஒன்று கேட்டார்: "இந்தப் பெண்ணை மறுபடியும் சேர்த்துக்கொள்வீர்களா?" அதற்குப் பதில் ஒரு சொல்லில் வந்தது: "மாட்டோம்."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கிடங்குக்காரர் அவளை அழைத்து, "மேடம், எங்களுக்குப் பொய் பிடிக்காது" என்றார்.

கார்லின் முன் நிமிர்ந்து நின்றவள், அந்தக் கிடங்குக்காரரின் முன் தலைகுனிந்து வெளியே வந்தாள். வேலை போன நாளில்கூட வராத வெட்கம் அன்று வந்தது. பேருந்துக்குக் காத்திருக்கும்போது அவள் முடிவு செய்தாள்: என்னை வேண்டாம் என்பவர்கள், நான் செய்ததற்காக வேண்டாம் என்று சொல்லட்டும், இனி ஒருவனும் நான் எழுதிய பொய்க்காக வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

அதன் பிறகு ஒவ்வொரு படிவத்திலும் ஒரே வாசகம்: "நீக்கப்பட்டேன். ஆளைக் கண்ணால் காணும்வரை பூட்டைத் திறக்க மறுத்தேன்." கோடு போதவில்லை. விளிம்பில் மடக்கி எழுதினாள். பதினொரு ஆலைகள் அவளுக்குக் கடிதம் அனுப்பின. பதினொன்றும் ஒரே அச்சு: "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. வேறொரு விண்ணப்பதாரரைத் தேர்ந்தெடுத்துள்ளோம்."

குளிர்காலம் போனது. மார்ச்சில் தவக்காலம் வந்தது. அப்போது வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது; எங்கள் தேவாலய மண்டபத்தில் மீன் வறுத்துப் போடுவார்கள். பாதி நகரம் அங்கே வரிசையில் நிற்கும். அங்கேதான் ரூபன் அவளைப் பிடித்தான். ஒரு கையில் தட்டு, மறு கையில் கோஸ் பச்சடிக் கிண்ணம். எதிரில் அமர்ந்தான்.

"உங்களுக்கு இன்னும் வேலை கிடைக்கலைன்னு கேள்விப்பட்டேன்."

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. நல்லது."

"டோரீன், நான் ஒண்ணு சொல்றேன். மறுக்கக் கூடாது." அவன் மீனைத் தொடவில்லை. "அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன்னு சொல்றேன். எழுதியே குடுக்கறேன். மயங்கிக் கிடந்தேன், அதனால குரல் கேக்கலன்னு சொல்லிடலாம். என் உயிரை நீங்க காப்பாத்தினீங்கன்னா எவன் வேலை தர மாட்டேம்பான்?"

"நீ லாரியில தூங்கிட்டிருந்த."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். கார்லுக்கும் தெரியும்."

"கார்லை விடுங்க! என்னால உங்க வேலை போச்சு. ஏழு மாசமா எனக்குத் தொண்டையில முள்ளு நிக்கிற மாதிரி இருக்கு."

டோரீன் முட்கரண்டியை வைத்தாள். "ரூபன், கேளு. நீ உள்ள இருந்தாதான் நான் செஞ்சது சரின்னா, நீ உள்ள இல்லாததால நான் செஞ்சது தப்புன்னு ஆயிடும். கார்ல் சொல்றதும் அதுதானே? உள்ள இருக்கியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் திறக்கல. அவ்வளவுதான் என் கணக்கு. அதுக்கு மேல ஒரு பொய்யைப் பூசி அதை அழகாக்காதே."

"பிடிவாதக்காரி நீங்க."

"மீனைத் தின்னு. ஆறுது."

அடுத்த வாரம் பன்னிரண்டாவது இடத்தில் இருந்து அழைப்பு வந்தது. ரொட்டி ஆலை. மாவு பிசையும் பொறிக்கு ஆள் வேண்டும். ஒரு மேசையின் பின்னால் இருவர் அமர்ந்திருந்தார்கள். ஆள்சேர்ப்பு அதிகாரி பிரிசில்லா ஹாட்ச் நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிறவர். அவர் பக்கத்தில் பொறிப் பகுதியின் மேற்பார்வையாளர் ஓட்டிஸ் கிரிம். பருத்த உடல், மாவு படிந்த புருவம். அவள் படிவம் அவர்கள் நடுவில் கிடந்தது.

"நேராவே கேக்கறேன்" என்றார் பிரிசில்லா. "நீங்க பூட்டைத் திறக்க மறுத்தப்போ, அந்த ஆள் உள்ள இருந்தாரா?"

"இல்ல."

பிரிசில்லாவின் பேனா நின்றது. இப்படிப்பட்ட பதிலை எதிர்பார்த்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தப்பித்துக்கொள்ள ஒரு வாசலைத் திறந்து வைத்தார். இவள் அதைச் சாத்திவிட்டாள்.

"அப்போ... நீங்க தப்பாத்தானே நினைச்சீங்க?"

"அவன் உள்ள இருக்கான்னு நான் நினைக்கல மேடம். இல்லைன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். ரெண்டும் வேற."

ஓட்டிஸ் நாற்காலியில் சாய்ந்தார். "மறுபடியும் அதே மாதிரி நடந்தா?"

"மறுபடியும் நாப்பது நிமிஷம் லைன் நிக்கும்."

"எங்க மாவு புளிச்சுப் போகுமே!"

"போகட்டும். மாவு திரும்ப வரும்."

ஓட்டிஸின் மாவு படிந்த புருவம் உயர்ந்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்கு மிக அருகில் இருந்தார். பிரிசில்லா கோப்பினை மூடியபடி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "எங்க கிட்ட நீங்க ஏதாவது கேக்கணுமா?"

எல்லாரும் கேட்பது ஷிஃப்ட் நேரமும் விடுமுறையும்தான். டோரீன் கேட்டது வேறு.

"இங்க ஏஜென்சி ஆளுங்களுக்குப் பூட்டு உண்டா?"

ஓட்டிஸ் மேசையைப் பார்த்தார். பிரிசில்லாதான் பதில் சொன்னார்: "அவங்க ஏஜென்சியோட பொறுப்பு."

"துடுப்பு ஏஜென்சியோடதா, உங்களோடதா?"

"மூணு வருஷமா நான் கேட்டுட்டிருக்கேன்" என்றார் ஓட்டிஸ், எவருக்கும் சொல்லாததுபோல.

பிரிசில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடியவர் அல்லர் அவர். குரலில் கனிவே இருந்தது. "பாருங்க டோரீன். ஓட்டிஸுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எனக்கும் கூட. ஆனா இந்தச் சொல்லோட இந்தப் படிவத்தை நான் மேல அனுப்ப முடியாது. புதுப் படிவம் தர்றேன். 'பணி நிறைவுற்றது'ன்னு போடுங்க. கையெழுத்துப் போடுங்க. திங்கட்கிழமை வந்துடலாம்."

புதுப் படிவம் மேசையில் சறுக்கி வந்து அவள் விரலில் முட்டியது. ஏழு மாதம் கேட்ட வேலை அது. ஒரு சொல்லை மாற்றினால் அவளுடையது. மாற்றச் சொல்கிறவரும் பகைவர் அல்லர், வேலை கொடுக்கிறவர். டோரீன் படிவத்தின் அடியைப் பார்த்தாள். எங்கள் நாட்டில் எல்லாப் படிவங்களின் அடியிலும், எறும்பு எழுத்தில், ஒரே வாசகம் இருக்கும். எவரும் படிப்பதில்லை. அவள் உரக்கப் படித்தாள்.

"'மேலே கூறியவை யாவும் உண்மை. பொய் எனத் தெரியவந்தால் எந்நேரமும் பணிநீக்கம் செய்யப்படலாம் என்பதை அறிவேன்.' இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும். இல்லையா மேடம்?"

"அது சும்மா சம்பிரதாயம்."

"என்னை உள்ள வர்றப்பவே கழுத்துல கயிறு கட்டிட்டு வரச் சொல்றீங்க. நாளைக்கு நான் எதுக்காவது வாயைத் திறந்தா, இழுத்துவிட உங்களுக்கு ஒரு கயிறு வேணும்."

"உங்களுக்கு உதவி பண்ணத்தான் பாத்தேன்" என்றார் பிரிசில்லா. முகம் சிவந்துவிட்டது.

"தெரியுது. நன்றி. வேண்டாம்."

எழுந்தாள். வெளியே நடந்தாள். வாகனத் திடலில் ஓட்டிஸ் மூச்சிரைக்க ஓடிவந்து அவளை மறித்தார்.

"நில்லுங்க, நில்லுங்க! என் முட்டிக்கு வயசாயிடுச்சு. ஒரு வழி இருக்கு. எதிர்த்தாப்புல ஏஜென்சி ஆபீஸ். அவங்க ஏன் நீக்கினாங்கன்னு கேக்கறதே இல்ல. இன்னைக்குப் பேரு குடுத்தா நாளைக்கு என் மாவுப் பொறியில நிக்கலாம். கொஞ்ச நாள் போனா நானே உங்களை நிரந்தரமாக்கப் பாக்கறேன்."

டோரீன் எதிர்ப்புறம் பார்த்தாள். தகரக் கூரைபோட்ட சின்ன அறை. வாசலில் ஐந்தாறு பேர் கைகளைப் பையில் விட்டபடி நின்றார்கள். அந்தக் கதவில் காரணம் கேட்பதில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்? ஆளாக எண்ணுகிறவரிடம்தானே காரணம் கேட்பார்கள்?

"பூட்டில்லாம" என்றாள்.

ஓட்டிஸ் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"பூட்டில்லாதவனுக்காக ஒரு வேலையை இழந்தேன் ஓட்டிஸ். இப்போ பூட்டில்லாதவளா அந்த வேலையை வாங்கிக்கணுமா? நான் முன் வாசல்லதான் வருவேன். இல்ல, வர மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் பேருந்துப் பக்கம் போகவில்லை. திரும்பினாள், ஆலைக்குள் போனாள். ஓட்டிஸ் பின்னால் வந்தார். பிரிசில்லா அவள் படிவத்தை வலப்பக்கக் கம்பிக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டாதவர்களின் கூடை அது, பிதுங்கி வழிந்தது.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. என்னை வேண்டாம்னு சொல்றீங்க. சொல்லலாம், உங்க உரிமை. ஆனா ஏன்னு எழுதிக் குடுங்க."

"நாங்க காரணம் எழுதற வழக்கம் இல்ல. மூணு நாள்ல கடிதம் வரும்."

"'வேறொரு விண்ணப்பதாரரைத் தேர்ந்தெடுத்துள்ளோம்.' அது பதினொண்ணு வச்சிருக்கேன். யாரைத் தேர்ந்தெடுத்தீங்க? காலையில இருந்து இந்த வேலைக்கு நான் ஒருத்திதான் வந்திருக்கேன்." அவள் கூடையில் இருந்து தன் படிவத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். "வேலை கேட்டு வந்த நான் காரணம் எழுதறேன். வேலை தர மறுக்கற நீங்க எழுத மாட்டீங்களா? பொய் சொன்னா நீக்குவேன்னு எங்கிட்ட கையெழுத்து கேக்கறீங்க. நீங்க ஒரு உண்மைக்குக் கையெழுத்துப் போடுங்க."

பிரிசில்லா பேனாவை எடுத்தார், கோபத்தில்தான் எடுத்தார். "சரி. 'கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர்'னு எழுதறேன்."

"எழுதுங்க. எந்தக் கட்டளைன்னும் சேர்த்து எழுதுங்க."

"எழுது பிரிசில்லா" என்றார் ஓட்டிஸ், கதவில் சாய்ந்து. "'ஆளைப் பாக்காம பூட்டைத் திறக்க மாட்டாராம், அதனால நம்ம ஆலைக்கு ஆக மாட்டார்'னு எழுது. என் பேரைச் சாட்சியா போடு. மத்தியானச் சாப்பாட்டு மணியில, லைன்ல நிக்கற நூத்தி நாப்பது பேருக்கும் நானே படிச்சுக் காட்டறேன்."

"நீங்க சும்மா இருங்க ஓட்டிஸ்."

"மூணு வருஷம் சும்மா இருந்தேன்."

பேனா தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. எழுதலாம், யார் தடுத்தார்கள்? மை இருந்தது, தாள் இருந்தது, அதிகாரம் இருந்தது. மூடிய கோப்புக்குள் எளிதாகச் செய்துவிடுகிற ஒன்றை, எழுத்தில் வைத்துக் கீழே பெயரிட வேண்டும் என்றதும் கை ஏன் மரத்துப் போகிறது? பதினொரு ஆலைகளும் அந்த ஒரு வரியை எழுத அஞ்சித்தான் ஒரே அச்சுக் கடிதத்தின் பின்னால் ஒளிந்திருந்தன. சுவர்க் கடிகாரம் ஓடியது. பின்னால் எங்கோ ரொட்டித் தட்டுகள் உருண்டன. டோரீன் நின்றுகொண்டிருந்தாள், கெஞ்சவில்லை, அவசரப்படுத்தவில்லை. ஓர் ஆளுக்காக நாற்பது நிமிடம் நின்றவளுக்கு இது பெரிதல்ல.

பிரிசில்லா பேனாவை மூடினார். புதுப் படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பழைய படிவத்தின் மேல், அந்தச் சொல்லை அடிக்காமல், திருத்தாமல், தன் ஒப்புதல் முத்திரையை அழுத்தினார்.

"மேல இருக்கறவங்க என்னைக் கேட்டா, உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு முன்னால நிக்க வைப்பேன்" என்றார்.

"நிக்கறேன்" என்றாள் டோரீன். "அந்தப் பூட்டு விஷயத்தையும் அப்போ அவங்ககிட்டயே கேட்டுடறேன்."

"அடக் கடவுளே" என்று பிரிசில்லா நெற்றியைத் தேய்த்தார். பிறகு இழுப்பறையில் இருந்து புது ஆளுக்கான அட்டை ஒன்றை எடுத்து, தலைநிமிராமல் கேட்டார்:

"பூட்ஸ் அளவு என்ன?"

"எட்டரை. அகலமானது."